நான் எழுதியதல்ல

கதை அச்சில் வந்த பதினாறாம் நாள் உலகம்மையைத் துறைத்தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். அட்டெண்டர் இசக்கிமணி வகுப்பு வாசலில் நின்று, "யம்மா உலகம்மை, ஸ்டான்லி சார் கூப்பிடுதாரு. ஒங்க அப்பாவுக்கும் போன் போட்டாச்சு, வருதாராம்," என்று சொன்னபோது நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பது பேரும் அந்தக் கதையைப் படித்திருந்தார்கள். இந்த நாலு வருஷத்தில் அவர்கள் கடைசிப் பக்கம் வரை படித்தது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

கதையின் பெயர் 'என் மனைவிக்கு நன்றி'. பாதி நடந்தது, பாதி அவள் கட்டியது.

நடந்த பாதி இது. திருநெல்வேலியில் மாடிக்கு மாடி புராஜெக்ட் சென்டர்கள் இருக்கின்றன. போய்ச் சொன்னால் சர்க்யூட் போர்டையும் அறுபது பக்க ரிப்போர்ட்டையும் பைண்டு போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். முகப்பில் பெயரையும் காலேஜையும் மாற்றிக்கொண்டால் நம்முடையது. இது எல்லோருக்கும் தெரியும், வாத்தியார்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். போன வருஷம் மினி புராஜெக்ட்டுக்கு அவள் வகுப்புப் பெர்சிஸ் அப்படி வாங்கி வந்த ரிப்போர்ட்டில் முகப்பை மாற்றினாள், நன்றியுரைப் பக்கத்தை மாற்ற மறந்துபோனாள். 'இரவு பகலாக எனக்குத் துணைநின்ற என் அன்பு மனைவிக்கும் மகளுக்கும் நன்றி' என்று இங்கிலீஷில் இருந்தது. அதற்குக் கீழே பெர்சிஸ் பெயர். அதற்கும் கீழே கைடு, துறைத்தலைவர், வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் என்று மூன்று பேர் கையெழுத்து. மார்க் தொண்ணூற்றி ரெண்டு.

"அந்தப் பொம்பளைக்கு ஒரு சேலையாவது எடுத்துக் குடுக்கணும்ட்டி. பாவம், ராப்பகலா தொணை நின்னிருக்கா," என்று பெர்சிஸே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வகுப்பே ஒரு வாரம் சிரித்தது. உலகம்மையும் சிரித்தாள். ஆனால் அவள் மட்டும் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தாள். அப்படியானால் எங்கேயோ ஒருத்தன் அந்த போர்டை நிசமாகவே தன் கையால் செய்திருக்கிறான். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அதற்கப்புறம் படிக்க வந்தவன். பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடித்திருக்கிறாள். அவன் செய்தது எத்தனை பேர் கைக்கு மாறி பெர்சிஸிடம் வந்தது? அந்தப் பொம்பளைக்கு அது தெரியுமா? உலகம்மை கட்டிய பாதி இதுதான்.

அதைப் பதினோரு வாரம் எழுதினாள். பாவூர்சத்திரத்திலிருந்து காலேஜ் பஸ்ஸில் போகும்போது, வரும்போது, கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் வகுப்பில் பெஞ்சுக்கடியில், போனில் ஒரு விரலால் தட்டித் தட்டி. முதல் பத்தியை மட்டும் பதினாலு தரம் மாற்றினாள். அந்தப் பதினோரு வாரத்தில் கன்ட்ரோல் சிஸ்டம்ஸில் அரியர் விழுந்தது. ஏற்கெனவே ஒன்று இருந்தது, இதோடு ரெண்டு. விழுந்ததற்கு அவள் அழவில்லை. கதையில் ஒரு வரி வராமல் போனதற்கு ஒருநாள் காலேஜ் பாத்ரூமில் போய் நின்று அழுதிருக்கிறாள். இதை வெளியில் சொன்னால் செருப்பால் அடிப்பார்கள். அப்பா லோடுமேன், அம்மா பீடி சுற்றுகிறவள், வீட்டில் முதல் பட்டதாரி என்று தாசில்தார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிள்ளை. அதற்கு வரி வரவில்லையாம், அழுகையாம்.

குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் வல்லிநாயகம் என்பவர் சீசன் இல்லாத மாதங்களில் ஒரு சிறு பத்திரிகை நடத்திவந்தார். அதற்கு அனுப்பினாள். அவரே போன் செய்து, "யம்மா, நீ எழுதுவ. விட்டுராத," என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் ஒரு மாசம் தரையில் கால் பாவாமல் திரிந்தாள். ஆசிரியர் குறிப்பு வேண்டும் என்று அவர் கேட்டபோது, அந்த மிதப்பில்தான் புத்தி கெட்டுப்போனது. கதையில் எங்கேயும் ஊர் பெயரோ காலேஜ் பெயரோ வராமல் அவ்வளவு கவனமாக எழுதியவள், குறிப்பில் 'இறுதியாண்டு மின்பொறியியல் மாணவி' என்று போட்டு, பக்கத்திலேயே காலேஜ் பெயரை முழுசாக எழுதிக் கொடுத்தாள். இஞ்சினியரிங் படிக்கிற பிள்ளை கதையும் எழுதுது என்று நாலு பேர் சொல்லமாட்டார்களா என்கிற ஆசை.

ஸ்டான்லி சார் மேசையில் கதையின் பிரிண்ட் கிடந்தது. பச்சை மையில் அங்கங்கே கோடு.

"இத நீயா எழுதின?"

"ஆமா சார்."

"நல்லாத்தான் இருக்கு." அதை அவர் நிசமாகத்தான் சொன்னார் என்பது அவளுக்கு மேலும் எரிச்சலாக இருந்தது. "வெள்ளிக்கெழம இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வருது, தெரியும்லா? இது அவங்க கண்ணுல பட்டா காலேஜ் அங்கீகாரத்துக்கே வேட்டு."

"எழுதும்போது தெரியாது சார். இது கதை. நம்ம காலேஜ்னு எங்கயும் சொல்லல."

அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி ஆசிரியர் குறிப்பில் விரலை வைத்தார். எடுக்கவில்லை.

"கற்பனைன்னு எழுதித் தாரேன் சார்."

"கற்பனைன்னா எவன் நம்புவான்? அலமாரியத் தொறந்தா அந்த ரிப்போர்ட்டு கெடக்கு. சரி, அந்தப் பக்கத்த நேத்தே கிழிச்சாச்சு, அது வேற. கரெஸ்பாண்டெண்ட் ஒரு வழி சொல்லுதாரு. கேளு. நீ எழுதினதுன்னா அது நம்ம காலேஜ் கதை. நெட்டுல இருந்து நீ காப்பி அடிச்சதுன்னா வேற எவன் காலேஜ் கதையோ. நமக்கென்ன? காப்பி அடிச்சேன்னு ஒரு லெட்டர் எழுது. அந்தப் பத்திரிகைக்காரருக்கு ஒண்ணு, எனக்கு ஒரு நகல். முடிஞ்சு."

உலகம்மை முதலில் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"சார், அது பொய்."

"ஏம்மா, மூணு வருஷமா ரெக்கார்டு நோட்டு குடுத்தியே, அதெல்லாம் என்னது? சீனியர் நோட்டப் பாத்து அப்படியே எழுதி, அடியில 'இது என் சொந்த முயற்சி'ன்னு கையெழுத்துப் போட்டியே. ஒங்க பேட்ச் புராஜெக்ட்டு எந்த சென்டர்ல வாங்கினதுன்னு சொல்லட்டுமா? அதுலயும் ஒன் கையெழுத்து இருக்கு. அப்பல்லாம் பொய்யின்னு தோணலயோ?"

காப்பி அடித்ததையெல்லாம் சொந்தம் என்று எழுதிக் கொடுத்தபோது கை கூசவில்லைதான். நாலு வருஷத்தில் சொந்தமாகச் செய்தது ஒன்றே ஒன்று; அதைப் போய்க் காப்பி என்று எழுதச் சொன்னால் மட்டும் எங்கிருந்து வருகிறது இவ்வளவு கோபம்?

"நான் எழுத மாட்டேன் சார்."

அவர் டிராயரை இழுத்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். அவளுடைய ஹால் டிக்கெட். ரெண்டு அரியருக்கும் புராஜெக்ட் வைவாவுக்கும் சேர்த்து. அது இல்லாவிட்டால் அடுத்த பரீட்சை நவம்பரில். ஓசூர் கம்பெனி ஜூலையில் சேரச் சொல்லியிருக்கிறது, சர்டிபிகேட்டோடு. வகுப்பில் வேலை கிடைத்த ஒன்பது பேரில் அவளும் ஒருத்தி. அந்த வேலையை நம்பி அம்மா பீடித் தட்டை ஆடி மாசத்தோடு பரணில் போடப்போவதாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அம்மாவுக்கு இருமல் வந்து மூணு வருஷம் ஆகிறது.

"இது மெரட்டல் இல்லம்மா. என்னைய கரெஸ்பாண்டெண்ட் மெரட்டுதாரு, நான் ஒனக்குச் சொல்லுதேன். எனக்கும் ரெண்டு பிள்ளைய இருக்கு. நானும் எங்க வீட்டுல மொத ஆளுதான். எனக்குப் புரியாதுன்னு நெனைக்காத."

அவருக்குப் புரிந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. புரியாதவன் என்றால் கத்திவிட்டாவது போகலாம்.

ஹால் டிக்கெட்டில் இருந்த தன் போட்டோவைப் பார்த்தாள். பிறகு தாளை இழுத்து எழுத ஆரம்பித்தாள். முதலில் எழுதியதைப் படித்துவிட்டு ஸ்டான்லி சார் தலையை ஆட்டினார். "இப்படி எழுதாத. இதப் படிச்சா இவளே எழுதியிருப்பாளோன்னு தோணுது. சாதாரணமா எழுது. 'அறியாமல் செய்துவிட்டேன், மன்னிக்கவும்', அவ்வளவுதான்." இரண்டாம் தரம் சாதாரணமாக எழுதினாள். 'இக்கதை நான் எழுதியதல்ல' என்று அதில் ஒரு வரி. அதை எழுதும்போது பேனா நன்றாகத்தான் ஓடியது.

"எங்கருந்து எடுத்தேன்னு போடணும்லா."

"எங்கருந்தும் எடுக்கலயே சார்."

"ஏதாவது ஒரு பேரு போடும்மா. பிளாக்குன்னு போடு."

உலகம்மை யோசித்தாள். 'சொக்கம்மாள் என்பவர் வலைப்பூவில் எழுதியது' என்று போட்டாள். சொக்கம்மாள் என்று அவளுக்கு ஒருத்தரையும் தெரியாது. ஏன் அந்தப் பெயர் வந்தது என்றும் தெரியாது.

அப்போதுதான் அவள் அப்பா நல்லக்கண்ணு வந்தார். மார்க்கெட்டில் வெங்காய லாரியைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். கல்யாண வீடுகளுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை, கழுத்து மடிப்பில் இன்னும் சாக்குத் தூசி. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ஒண்ணும் பயப்படாதீய. ஒங்க மக ஒரு கதைய நெட்டுல இருந்து எடுத்து, தன் பேரப் போட்டுப் பத்திரிகைக்கு அனுப்பிருக்கா. தப்புன்னு எழுதிக் குடுத்துட்டா. நாங்களும் மன்னிச்சாச்சு. குத்தாலத்துல அந்தப் பத்திரிகைக்காரர்ட்ட லெட்டரக் குடுத்து, நகல்ல சீல் வாங்கிட்டு வாங்க. அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன். ஹால் டிக்கெட்ட அப்ப தாரேன்."

நல்லக்கண்ணு மகளைப் பார்த்தார். பிறகு துறைத்தலைவரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். "சின்னப் பிள்ள சார். வெவரம் தெரியாம எடுத்திருக்கும்."

உலகம்மை வாயைத் திறந்தாள். ஹால் டிக்கெட் ஸ்டான்லி சார் கைக்கடியில் இருந்தது. உண்மையைச் சொன்னால் அப்பா இந்த அறையிலேயே சத்தம் போடுவார், கூப்பிய கையை எடுத்து மேசையில் அடிப்பார், எல்லாம் நாசமாகும். கையில் வாங்கிக்கொண்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். வாயை மூடிக்கொண்டாள்.

குற்றாலம் பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் அவளை உட்காரவைத்துவிட்டு நேராகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏப்ரல் மாசத்துக் குற்றாலத்தில் யாருக்கும் ஒரு வேலையும் கிடையாது. அருவி விழுகிற இடத்தில் பாறையில் கறுப்பாக ஒரு கோடுதான் இருந்தது. சிப்ஸ் கடைகளில் பாதி சாத்திக் கிடந்தன. வல்லிநாயகம் லாட்ஜ் வரவேற்பு மேசையில் மெத்தை உறைகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பக்கத்திலேயே அடுத்த இதழின் புரூப். அறுபது வயதிருக்கும். உலகம்மை பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"வாம்மா வாம்மா. அண்ணாச்சி யாரு, அப்பாவா? உக்காருங்க அண்ணாச்சி. ஏலே, ரெண்டு டீ சொல்லு."

அவள் கடிதத்தை நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தார். படித்துவிட்டு மடித்தார். திரும்பவும் பிரித்துப் படித்தார்.

இந்த இடத்தில் உலகம்மை ஒன்றை எதிர்பார்த்திருந்தாள். வழியெல்லாம் அதை நினைத்துக்கொண்டுதான் வந்தாள். 'யாரும்மா ஒன்ன இப்படி எழுத வச்சது' என்று இந்த மனுஷன் கேட்பார். நாற்பது வருஷமாக எழுத்தைப் படிக்கிறவருக்குத் தெரியாதா? அவர் அப்படிக் கேட்டால் போதும், பதில் கூடச் சொல்ல வேண்டாம்.

வல்லிநாயகம் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் அப்பவே நெனச்சேம்மா," என்றார்.

"என்ன சார்?"

"மூணாவது பக்கத்துல ஒரு வரி வரும். 'யாரென்றே தெரியாத ஒருத்தனின் மனைவி, மூன்று பேர் கையெழுத்தோடு எங்கள் அலமாரியில் ஒரு வருஷம் குடியிருந்தாள்'னு. அதப் படிக்கும்போதே மனசுல பட்டுச்சு. இது பழகின கையாச்சே. இந்த வயசுப் பிள்ளைக்கு, அதுவும் இஞ்சினியரிங் படிக்கிற பிள்ளைக்கு, இது எப்படி வரும்னு. ஆசையில பேசாம இருந்துட்டேன். தப்பு என் மேலயும் இருக்கு."

அந்த வரியை அவள் பாவூர்சத்திரம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றுகொண்டிருந்தபோது எழுதினாள். அதற்கு முன்னால் அதே இடத்தில் ஒன்பது வரி எழுதி அழித்திருந்தாள். காலேஜ் பாத்ரூமில் நின்று அழுதது இந்த வரிக்காகத்தான்.

"சொக்கம்மாள்," என்று அவர் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "ஆமா, கேள்விப்பட்ட பேருதான். வாசிச்சிருக்கேன்னு நெனைக்கேன். நல்ல எழுத்துக்காரி. அவங்க நம்பர் எதும் கெடைக்குமா? அடுத்த இதழ்ல அவங்கட்ட மன்னிப்புக் கேட்டு ஒரு குறிப்புப் போட்டுருவோம். வேற கதை இருந்தாலும் வாங்கிப் போடலாம்."

"நம்பர் தெரியாது சார்."

"தேடிப் பாக்கேன். நீ மனசு ஒடஞ்சு போகாத. படிப்பப் பாரு, அதுதான் சோறு போடும். மொத மொத எழுத வரும்போது இந்த மாதிரி எல்லாரும் ஒண்ணு ரெண்டு பண்ணுததுதான்." நகலில் சீலைக் குத்தி, தேதி போட்டு, அப்பாவிடம் கொடுத்தார். "நல்ல பிள்ள அண்ணாச்சி. தானா வந்து ஒத்துக்கிட்டுல்லா."

டீ வந்தது. அப்பா குடித்தார். உலகம்மை தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அது ஆறுகிறவரை இருந்தாள். சொக்கம்மாளைப் பற்றி ஒரு நிமிஷத்தில் அவருக்கு வந்த மரியாதை, உலகம்மைமேல் அன்றைக்குப் போனில் இருந்த மரியாதையைவிட உறுதியாக இருந்தது. இல்லாதவள் அவள். அவளுக்குக் காலேஜ் கிடையாது, வயசு கிடையாது, அரியர் கிடையாது. அதனால் அவளுக்கு எழுத வரும்.

நாலே முக்காலுக்குக் காலேஜில் ஹால் டிக்கெட் கிடைத்தது. ஸ்டான்லி சார் அதை அப்பா கையில்தான் கொடுத்தார். அப்பா நாலாக மடிக்காமல் உருட்டி, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

பாவூர்சத்திரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் உலகம்மை சொன்னாள்.

"யப்பா, அந்தக் கதை நான் எழுதினதுதான்."

நல்லக்கண்ணு திரும்பவில்லை.

"காப்பியெல்லாம் இல்ல. அந்த லெட்டர்தான் பொய். ஹால் டிக்கெட்ட வச்சுக்கிட்டு எழுதச் சொன்னாரு. சொக்கம்மாள்னு யாருமே இல்ல. நானா வச்ச பேரு."

"போதும்ட்டி."

"நெசமாப்பா. இங்க பாருங்க." போனை எடுத்துத் திறந்து காட்டினாள். தேதிவாரியாகப் பதினோரு வாரம், முதல் பத்தி பதினாலு தரம், அடித்தது, திருத்தினது, எல்லாம் இருந்தது. "பாருங்க, இது மொத மொத எழுதினது. இது ரெண்டாவது."

அவர் போனைப் பார்த்தார். அஞ்சாம் வகுப்புப் படிப்பு. எழுத்துக் கூட்டி வாசிப்பார், பஸ் குலுக்கலில் அதுவும் முடியாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார். "நெட்டுல இருந்து எடுத்தன்னு அந்த சாரே சொன்னாரு. நெட்டு போன்லதான இருக்கு? நீயும் போனத்தான் காட்டுத."

"யப்பா, இது நெட்டு இல்ல. நான் தட்டினது."

"இருவத்திரெண்டு வருசமா மார்க்கெட்டுல கெடக்கேன். ராத்திரியெல்லாம் மூட மூடயாக் காய் கெடக்கும், காவலுக்கு ஆளு கெடையாது. ஒரு தக்காளி என் வீட்டுக்கு வந்ததுண்டா? கேட்டு வாங்கிட்டுத்தான் வந்திருக்கேன். ஒன்னய நான் ஒண்ணும் சொல்லல. தப்பு நடந்துபோச்சு, ஒத்துக்கிட்ட, சரி. அந்த லாட்ஜ்காரர் கூட ஒன்ன நல்ல பிள்ளைன்னுதான் சொன்னாரு. இப்ப அத மறைக்க இன்னொரு பொய் சொல்லாத. அதுதான் எனக்குப் பிடிக்கல."

"நான் பொய் சொல்லலப்பா." குரல் உயர்ந்ததில் முன் சீட்டில் இருந்த ஆச்சி திரும்பிப் பார்த்தாள். "என்னய நம்ப மாட்டியளா நீங்க?"

"ஒன்னய நம்பாம யார நம்பப் போறேன். ஒன் கையெழுத்தத்தான நம்புதேன்." இப்போதுதான் அவர் அவள் பக்கம் திரும்பினார். கோபமாக இல்லை. ஒரு கணக்கு உதைக்கிறபோது கேட்பது மாதிரிதான் கேட்டார். "ஏட்டி, நீ எழுதினதுன்னா நான் எழுதலன்னு எதுக்கு எழுதிக் குடுத்த? பெத்த பிள்ளைய என் பிள்ள இல்லன்னு எவளாவது கையெழுத்துப் போட்டுக் குடுப்பாளா?"

உலகம்மை போனைப் பைக்குள் வைத்தாள்.

சொல்வதற்கு அவளிடம் எல்லாம் இருந்தது. அம்மாவின் இருமல், நவம்பர், ஓசூர், கமிட்டி, எல்லாம். ஒவ்வொன்றையும் வரிசையாக எடுத்து வைத்தால் அவருக்கு விளங்கும்தான். விளங்கினால் அப்புறம் இந்த மனுஷன் என்ன செய்வார் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. நெஞ்சோடு வைத்திருக்கிற அந்தத் தாளை எடுத்து அவளிடம் நீட்டி, 'எனக்காகவாட்டி இதச் செஞ்ச' என்று கேட்பார். அதற்கப்புறம் அவரால் அவள் சம்பளத்தில் ஒரு வாய் சோறு தின்ன முடியாது. கள்ளி என்றே நினைத்துக்கொள்ளட்டும். கள்ளியை மன்னித்துவிட்டார், அதோடு முடிந்தது.

பாவூர்சத்திரத்தில் இறங்கியபோது மார்க்கெட் வாசலில் கேரளாவுக்குப் போகிற லாரிகள் நின்றன. "லே நல்லக்கண்ணு, எங்கலே போய்த் தொலைஞ்ச, பாதி லோடு அப்படியே கெடக்கு," என்று உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள். அவர் வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து, ஹால் டிக்கெட்டையும் அதற்குள் வைத்து அவளிடம் கொடுத்தார். பனியனோடு நாலு எட்டு நடந்தவர் திரும்பி வந்தார்.

"ஒங்க அம்மைட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றார் மெதுவாக. "நீயும் சொல்லிக்கிடாத. அவ தாங்க மாட்டா."